காற்றுக்கு முளைத்த மீசை

நான்கு வயதுப் பிள்ளைக்குக் காபியின் நுரையைக் கொடுக்கலாமா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

நேற்று நான்கு வயது மகளோடு ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு காபிக் கடைக்குப் போனோம். கணவருக்கு லாட்டே, எனக்குக் கப்புச்சினோ. லாட்டேயில் பால் அதிகம். நுரை மெல்லிய ஏடுதான். கப்புச்சினோவிலோ நுரை குவிந்து நின்றது. மகள் அதையே பார்த்தாள். எனக்குச் சங்ககிரியில் என் பிறந்த வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது.

லாரி ஓட்டிவிட்டு விடியலில் வரும் அப்பா, காபியை உயரத் தூக்கி ஆற்றுவார். டபராவில் பொங்கும் நுரையை மட்டும் வழித்து எனக்கு ஊட்டுவார்.

"ஏனுங்க, புள்ளைக்குக் காபியா குடுக்கறீங்க?" என்பாள் அம்மா.

"காபி எங்க புள்ள? வெறுங்காத்து!" என்பார் அவளிடம்.

"காத்துக்கு மீசை மொளைக்குமாங்க?" என்று என் மேலுதட்டைத் துடைப்பாள். மூவரும் சிரிப்போம்.

நேற்று தயங்கித் தயங்கி மகளுக்கு ஒரு கரண்டி நுரை ஊட்டினேன். கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெறுங்காத்துங்க" என்றேன்.

மீசையோடு மகள் கேட்டாள்: "அம்மா, இன்னுங் கொஞ்சம் காத்து!"

சிரித்துக்கொண்டே துடைத்தேன். ஆனால் வீடு திரும்பியதும் கவலை வந்துவிட்டது. பால் அதிகமுள்ள லாட்டேயில் ஒரு வாய் தருவது மேலா, கப்புச்சினோ நுரையே மேலா, இரண்டுமே கூடாதா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.