கோபினாவின் இடது கை

மங்கெசிம் வண்டி நிலையத்தில் கோபினா எஜிர் கூப்பிட்டால் அக்ராவுக்குப் போகாதவனும் ஏறிவிடுவான். அப்படி ஒரு குரல். "அக்ரா அக்ரா அக்ரா, இன்னும் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்" என்று ராகம் போட்டு இழுப்பான். உள்ளே பாதி இருக்கை காலியாக இருக்கும், அது வேறு விஷயம். வண்டி நிரம்பியதும் பக்கத் தகரத்தில் தட்டி அனுப்பிவிட்டு, என் கடைக்கு வந்து, புளித்த சோளமாவு உருண்டையான கெங்கேயும் பொரித்த மீனும் தின்பான். மிளகாய் அரைத்தது போதவில்லை என்று நாள் தவறாமல் சொல்வான். நானும் நாள் தவறாமல் திட்டுவேன்.

ஒரு காலையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கை தொங்கியது, வாயில் சொல் இல்லை. இல்லை என்றால் அடியோடு இல்லை என்பதில்லை, தப்புத் தப்பாக வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் "ஆடு" என்பான். அவன் பெண்டாட்டி அராபா செம்பை நீட்டினால் வாங்கிக் குடித்துவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, தலையைக் குனிந்துகொள்வான்.

பேச்சுப் பழக்க வந்த நர்ஸ் எஃபுவா சின்னப் பெண். என் கடை முன்னால் உட்கார்ந்து வாயில் போட்டு மெல்லுகிற கோலாக் கொட்டை ஒன்றை இரண்டாகப் பிளந்து காட்டினாள்.

"மூளையும் இப்படித்தான், ரெண்டு பாதி. வலது கையை ஆட்டுறது இடது பாதி. பேச்சும் பெரும்பாலும் அங்கதான். அவருக்கு அடிபட்டது அந்தப் பக்கம். பாட்டுக்கு வலது பாதியும் நல்லா ஒத்தாசை பண்ணும்."

"கோணல் மாணலா கம்பி கட்டியிருக்கானே, யாரு அந்த மேஸ்திரி?" என்றேன்.

"கேலி பண்ணுங்க பாட்டி. ஆனா அவரு இடது கையால தாளம் தட்டி, சொல்லை ராகமா இழுத்துப் பழகட்டும். சிலருக்கு வழி திறக்குது."

இங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் இடது கையை நீட்டிப் பேசினால் அது அவமரியாதை. கோபினா தட்ட ஆரம்பித்தால் நாங்கள் யாராவது அந்தக் கையைப் பிடித்து அமுக்கிவிடுவோம். நோயாளிக்கும் மரியாதை வேண்டுமே.

இந்த நேரத்தில் அவன் மகனுக்கு, ஆட்டோ என்பது அவன் பேர், பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் விடியலில் பேர் வைக்க வேண்டும். அப்பாவைப் பெற்றவன்தான் வைப்பான். விரலைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவி, "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு" என்பான். பிறகு ஜின் சாராயத்தைத் தடவி, "ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லு" என்பான். தடவுகிறவனின் குணம்தான் பிள்ளைக்கு வரும்.

கோபினாவின் தம்பி க்வெகு சும்மா இருப்பானா?

"தண்ணியை ஆடுங்கிற மனுஷன் நாக்குல தடவினா, அந்தப் பொண்ணு ஆயுசு பூரா பொய் சொல்லும். நான் வைக்கிறேன்."

கோபினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் அம்மாவின் பேரை அந்தக் குழந்தைக்கு வைக்கப் பல வருஷமாகக் காத்திருந்தவன் அவன். அன்றிலிருந்து யார் வந்தாலும் கோழிக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அராபா கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நான் தின்றேன். ஆளுக்கு ஒரு வழி.

எஃபுவா சொன்னாள்: "பயம் வந்தா உடம்பு ஓடத் தயாராயிடும். நெஞ்சு அடிக்கும், வாய் காயும். ஓடுறவன் கதை பேசுவானா? ஒளிஞ்சா இன்னிக்கு சுகமா இருக்கும். நாளைக்கு பயம் இன்னும் பெருசாயிடும். அந்த ரெண்டு வரியையும் பேரையும் மட்டும் தினம் பாடட்டும். மூச்சை மெதுவா விடட்டும்."

பாடினான், இடது கையால் தட்டி, கோழிகளுக்கு முன்னால். கோழிகள் குறை சொல்லவில்லை.

எட்டாம் நாள் முற்றம் நிறைய சனம். மருமகள் டோர்காஸ் குழந்தையோடு உட்கார்ந்தாள். வழக்கப்படி கேட்டுவிடலாம் என்று ஆட்டோ முதலில் அப்பாவிடமே கிண்ணத்தைக் காட்டினான். அராபா கணவனின் வலது மணிக்கட்டைத் தூக்கி, விரலைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். கோபினாவின் இடது கை மேலே எழுந்தது. சபையில் இதென்ன என்று க்வெகு அதைப் பிடித்து அமுக்கினான். அண்ணன் மேல் உள்ள மரியாதையில்தான், பாவம்.

கோபினா வாயைத் திறந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஆ…" என்றான்.

ஆடு வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. க்வெகு கிண்ணத்துக்குக் கை நீட்டினான்.

"கையை விடுங்க கொழுந்தனாரே," என்றாள் அராபா.

"சபையில இடது கையா அண்ணி? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்தக் கையிலதான் அவருக்கு நாக்கு இருக்கு. விடுங்க."

விட்டான். கோபினா கண்ணை மூடி மூச்சை விட்டான். இடது கை அவன் தொடையில் விழுந்தது, வண்டித் தகரத்தில் விழுவது மாதிரியே. தட், தட், தட்.

"தண்ணின்னா தண்ணி, தண்ணி தண்ணி" என்று நிலையத்து ராகத்தில் வந்தது. ஜின்னும் அப்படியே தடம் மாறாமல் வந்தது. பிறகு அவன் அம்மா பேர்: "அபா க்வான்சிமா, க்வான்சிமா, க்வான்சிமா…"

சனம் ஆமோதித்தது. க்வெகு மூக்கைச் சிந்தினான். ஆனால் ராகத்துக்கு நிற்கத் தெரியவில்லை, பழகின தடத்தில் ஓடியது: "இன்னும் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்!"

டோர்காஸ் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, எட்டு நாளுதான் ஆகுது. கொஞ்சம் பொறுங்க."

முற்றம் சிரித்ததில் குழந்தை அழுதது. கோபினாவும் சிரித்தான், வாயின் ஒரு பக்கத்தால்.

மூளை இரண்டு பாதி என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது அவன் என் கடைக்கு வந்து பலகையில் இடது கையால் தட்டி, "மிளகா பத்தல, மிளகா பத்தல" என்று பாடுகிறான். நான் அந்தக் கையை அமுக்குவதில்லை. திட்டுவதோடு சரி.