பூ போட்ட வீடுகள்

இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர் ஆபீசில் மீட்டர் பார்ப்பவர் அவர். மீட்டர்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் பெண்டாட்டியே ஒரு நிமிஷம் யோசிப்பாள். ஒரு ரீடிங் தப்பியதில்லை, ஒரு நாள் தள்ளிப்போட்டதில்லை. அந்தத் தலைக்கனம்தான் மனுஷனைக் கவிழ்த்துவிட்டது.

போன மாதம் ஆபீஸ் மாடியில் இரண்டு அறைகளை ஒழித்து, புதிதாக ஒரு வாரியம் திறந்தார்கள். நொடித்துப்போன தெருக்களைத் தூக்கி நிறுத்தப் போகிற வாரியமாம். முதல் வேலையாக ஆளில்லாத வீடுகளை இடித்து, அந்த இடத்தில் வடிகால் கட்டுவார்களாம். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? எந்த வீட்டில் ஆளில்லை என்று யாருக்குத் தெரியும் எனக் கேட்டபோது எல்லாரும் மீட்டர்காரரைக் கை காட்டினார்கள். அவரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு தன் நோட்டைக் கொடுத்தார். டைப் செய்து வந்த பட்டியலில், நம்ம நோட்டுதானே என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்தும் போட்டார்.

அந்தப் பட்டியல் இன்று காலை அறிவிப்புப் பலகையில் தொங்கியது. காலி வீடுகள் நாற்பத்தொன்று. ஏழாவது வரியை அவர் இரண்டு தடவை படித்தார். அது அவர் அக்கா வீடு. அம்மா போன பிறகு அவரைச் சோறூட்டி வளர்த்தவள், இப்போதும் அங்கேதான் தனியாக இருக்கிறாள்.

விஷயம் இதுதான். அந்தத் தெருவில் முன்பக்கச் சாக்கடை பொங்கி வாசல்வரை ஏறும். அதனால் முன்கதவைப் பூட்டிவிட்டு எல்லாருக்கும் பின்சந்து வழியாகத்தான் புழக்கம். அப்படிப்பட்ட வீட்டுக்கு நேராக மீட்டர்காரர் 'பூ' என்று எழுதிவைப்பார். முன்னால் பூட்டு, பின்னால் போ என்று தனக்குத்தானே ஒரு குறிப்பு. நிஜமாகவே ஆளில்லாத வீட்டுக்கு வெறும் கோடு. டைப் அடித்த பெண் என்ன கண்டாள், பாவம்! பூ என்றால் பூட்டு, பூட்டு என்றால் காலி. வெறும் கோட்டை, எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாள்; நாற்பத்தொன்றும் பூ போட்ட வீடுகள்தான்.

மாடிக்கு ஓடினார். வாரியச் செயலாளர் அம்மா பட்டியலைத் திருப்பிக் காட்டினார்.

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமாங்க மேடம். ஆனா என் நோட்டுல பூ பக்கத்துலயே ரீடிங் இருக்கு பாருங்க. ஆளில்லாத வீடு தண்ணி குடிக்குமா?"

"அதெல்லாம் இப்ப பேசி என்ன? மூணு மணிக்கு நானும் இன்ஜினியரும் நேர்ல வர்றோம். முன்கதவு திறந்து ஆள் நின்னா அந்த வீட்டைப் பட்டியல்லேருந்து அடிச்சிடறேன். சந்து சந்தா நுழைய எனக்கு நேரமில்ல. அஞ்சு மணிக்குப் பட்டியல் மேல போயிடும்."

அப்போது மணி பன்னிரண்டு. மீட்டர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எண்ணெய்க் குப்பியும் சுத்தியலும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அதே கூத்து. சாவி எங்கே என்று தெரியாது. பூட்டு துருப்பிடித்துப் போயிருக்கும். கதவு ஊறி உப்பி நிலையோடு ஒட்டியிருக்கும். வேலைக்குப் போனவர்களுக்குப் போன் போட்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு வரச்சொல்லிக் கெஞ்சினார். "உன் கையெழுத்துல தீய வைக்க!" என்று ஒரு தையற்காரி மூஞ்சிக்கு நேரே திட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பூட்டைத் தட்டினார்.

திறந்த வீட்டுக்காரர்கள் அடுத்தடுத்த வீட்டுக்குக் கைகொடுக்க, இரண்டே முக்காலுக்கு நாற்பது கதவு திறந்தாயிற்று. அக்கா வீட்டைக் கடைசிக்கு விட்டது வழி தூரம் என்பதால் இல்லை, பயத்தால். நாற்பது பேரிடம் வாங்கிய திட்டைத் தாங்கிவிட்டார். அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியாது என்று தோன்றியது.

"அக்கா, முன்கதவுச் சாவி எங்கக்கா?"

"அது எந்தக் காலத்துலயோ தொலைஞ்சு போச்சு. எதுக்குடா இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

மென்று முழுங்கிச் சொன்னார். அவள் கதவிடமிருந்து ஒதுங்கி வழி விட்டாள்.

சுத்தியலுக்குப் பூட்டு அசையவில்லை. தெருமுனையில் ஜீப் ஹார்ன் கேட்டது. அவர் கடப்பாரையைக் கீல் பக்கம் நுழைத்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு நெம்பினார். பலகை பிளந்து, நிலையில் பாதியோடு கதவு சாக்கடைக்குள் மல்லாந்து விழுந்தது. சுவரிலிருந்து ஒரு கூடை காரை உதிர்ந்தது.

"நல்லா இருடா தம்பி!" என்றாள் அக்கா. "என் வீட்டை இடிக்க அவங்களுக்கு முன்னாடி நீயே வந்துட்டே."

வழியில் திறந்திருந்த நாற்பது வீடுகளையும் அடித்துவிட்டு ஜீப் இங்கே வந்து நின்றது. செயலாளர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி, வாசலின் ஓட்டையையும் அதற்கு நடுவே இடுப்பில் கை வைத்து நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க ஆள் இருக்கீங்களா?"

"என்னைப் பார்த்தா காலியாவா தெரியுது?"

இன்ஜினியர் பேனாவை எடுத்தார். "கதவே இல்லையே மேடம், இதுக்கு என்னன்னு எழுதறது?"

பதில் அக்காதான் சொன்னாள்.

"இந்த வீட்டுல ஒருத்தி இருக்கான்னு முழுசா எழுதுங்க சார். இவனை மாதிரி ஒத்தை எழுத்துல முடிச்சிடாதீங்க."