தம்பி சுற்றவிட்ட கேலக்ஸி

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'சர்வர் அக்கா'. கணினி அறைக்குப் பொறுப்பு அவள்தான். அந்தக் குளிரில் நின்றே பாதி ஆயுசு போயிற்று. கல்யாணப் பேச்சை எடுத்தால், "நான் போயிட்டா இந்த மிஷினுங்களுக்கு யாரு தாலாட்டுப் பாடுறது?" என்று சிரித்து மழுப்புவாள். அவள் வளர்த்து ஆளாக்கிய ஒரே தம்பியும் அங்கேயே ஆராய்ச்சியாளன் ஆனான்.

கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் இழுவையில் ஒரு விண்மீன் மண்டலம் எப்படித் திரண்டு உருவாகிறது என்று கணினிக்குள் நடத்திப் பார்ப்பது அவன் வேலை. அப்படி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதை அங்கே 'ரன்' என்பார்கள். "அக்கா, என் கேலக்ஸி சுத்துது, ஓடி வா!" என்பான். அவளும் போட்டது போட்டபடி ஓடுவாள்.

ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

கொஞ்ச காலம் யாரும் திறக்காத கோப்புகளைக் கணினி தானே அழித்துவிடும். அது அந்த அறையின் சட்டம். அக்கா விடுவாளா? மாதம் தவறாமல் தம்பியின் கோப்புகளைத் திறந்து மூடி உயிரோடு வைத்திருந்தாள்.

ஒருநாள் தம்பி மனைவி வந்து நின்றாள். அவளும் அதே ஆராய்ச்சிதான்.

"அண்ணி, என் ரன் ஓட கம்ப்யூட்டர்ல இடம் பத்தல. இந்த வருஷம் முடிக்கலன்னா என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. அவரோடத அழிச்சிடுங்களேன்."

"எப்படிடி மனசு வருது உனக்கு? கட்டின புருஷன் செஞ்சது!"

"அது தப்பு ரன், அண்ணி."

"என்னது?"

"கணக்குல கரும்பொருளத் துகள் துகளாத்தான் போடுவோம். அதுங்க ரொம்ப நெருங்கினா இழுவையைத் தணிக்க ஒரு எண் கொடுப்போம். அதைப் பெருசாப் போட்டுட்டாரு. நடுவுல குவிய வேண்டிய கரும்பொருள் குவியவே இல்ல. அவருக்கே தெரியும். என்கிட்ட சொல்லித் தலையில அடிச்சிக்கிட்டாரு."

"அப்புறம் எதுக்கு வச்சிருந்தான்?"

"நீங்க அதைப் பாத்துட்டு நாள் பூரா சிரிச்ச முகமா இருப்பீங்களாம். 'அக்காவுக்காகக் கிடக்கட்டும், நான் சரியா வேற ஓட்டிக்கறேன்'னாரு. அதுக்குள்ள... அவர் ஓட்ட நெனச்சதத்தான் அண்ணி நான் இப்ப ஓட்டப்போறேன்."

அக்கா தம்பியின் கேலக்ஸியை ஒருமுறை முழுதாகச் சுற்றவிட்டாள். இருவரும் நின்று பார்த்தார்கள். பிறகு அழிக்கும் கட்டளையை அடித்தாள். எழுத்து பிசகியது, திருத்தி அடித்தாள். திரை வெறுமையானது.

"இடம் இருக்கு. போடும்மா."

சொன்னவள் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே சரிந்தாள்.

"பாவி, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் உன்னைப் பாக்கத்தானேடா ஓடி வந்தேன்... அதையா பாக்க வந்தேன்?"