வெள்ளைக்காரன் கப்பல் நங்கூரம்

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். ராயபுரத்தின் பழைய இடங்களைப் பார்க்க வருபவர்களை ஞாயிறு காலைகளில் அழைத்துச் சென்று காட்டுவேன். மீனவர் தெரு ஒன்றின் முனையில் துருப்பிடித்த நங்கூரம் ஒன்று நட்டுவைக்கப்பட்டிருக்கும். அதைப் பற்றி ஒருவர் கேட்டபோது, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "புயலில் உடைந்த வெள்ளைக்காரன் கப்பலுடையது. கேட்பாரற்றுக் கிடக்கிறது" என்று அளந்துவிட்டேன். எல்லோரும் வியந்தார்கள். பிறகு வாராவாரம் அதையே சொன்னேன்.

சென்ற மாதம் நாங்கள் அங்கே போனபோது, என் கதையை நம்பிய ஒரு தனியார் அருங்காட்சியகத்தின் ஆட்கள் லாரியோடு வந்து அதைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் விற்கும் செல்வி என்ற பெண் நங்கூரத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். "இந்த சார்தான் சொன்னாரு" என்று ஓர் ஆள் என்னைக் காட்டினான்.

"இன்னா பெர்சு, எந்த வெள்ளக்காரன் கப்பலு? எங்க வூட்டுக்காரரு படகோட நங்கூரம்யா இது! கடலுக்குப் போன மனுசன் பொணங்கூட வர்ல. இது மட்டுந்தான் வலையில மாட்டிச்சு. இத்தயும் தூக்கினு போய்ட்டா நான் எங்க போய் கற்பூரம் ஏத்துவேன்?"

"நான் சொன்னது பொய்" என்றேன், அத்தனை பேர் முன்னிலையிலும். லாரி காலியாகத் திரும்பியது.

"படிச்ச ஆளு, எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் செல்வி.

இப்போதெல்லாம் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். நங்கூரத்தருகே செருப்பைக் கழற்றுகிறேன். யாராவது கேட்டால், "இது இந்தத் தெருவில் ஓர் அம்மாவுடையது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.