கரியர் பூட்டிய பந்தயச் சைக்கிள்

ஸ்பெயினுக்குச் சைக்கிள் ஓடப் போகிறவன் சைக்கிளின் பாரத்தைக் குறைக்கத்தான் பார்ப்பான். மணியைக் கழற்றுவான், மட்காட்டைக் கழற்றுவான். குருசுமுத்து மட்டும் தன் பந்தயச் சைக்கிளுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கரியரைப் பூட்டிக்கொண்டு போனான். டென்மார்க்கில் நாங்கள் இருந்த ரண்டர்ஸ் நகரத்துச் சைக்கிள் சங்கத்து டேனிஷ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் மன்னாரில் நானாட்டான் பக்கத்து ஆள். நான் யாழ்ப்பாணம். எண்பத்தைந்தில் அகதிகளாக வந்த எங்கள் இருவரையும் ரண்டர்ஸில் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் குடியிருத்தினார்கள். கதவுக் கைப்பிடி செய்யும் தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகுமுன்னே மேரிசெலினை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் அவன். அந்தக் கொஞ்சக் காலத்தைப் பற்றிக் கேட்டால் சைக்கிளைப் பற்றித்தான் சொல்வான். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவள் கரியரில் இருந்திருக்கிறாள். மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் காட்டு வழியால் டபிள் போயிருக்கிறார்கள். ஒரே சைக்கிளில் இருவர் போவதை நாங்கள் டபிள் என்போம். டென்மார்க்கில் டபிள் போனால் பொலிஸ் தண்டம் எழுதும் என்று நான் சொன்னபோது அவன் உண்மையாகவே கவலைப்பட்டான்.

"அப்ப செலின் வந்தா எப்பிடிப் போறது?"

"அவவுக்கும் ஒரு சைக்கிளை வாங்கிக் குடு."

"அவளுக்கு ஓடத் தெரியாது, மச்சான். பின்னாலை இருந்து கதைக்கத்தான் தெரியும்."

எண்பத்தேழு இலையுதிர் காலத்தில் அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டான். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவியைக் கூப்பிடலாம், அது இந்த நாட்டுச் சட்டம். எங்களுக்கு முந்தி வந்தவர்களின் பெண்சாதிகள் எல்லாம் வந்து, கொதிக்கக் கொதிக்கப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார்கள். இவனும் அறைக்குத் திரைச்சீலை வாங்கிவிட்டான்.

எங்கள் மேற்பார்வையாளர் கார்ஸ்டன் சைக்கிள் சங்கத்தில் பெரிய ஆள். எதிர்காற்றிலும் பனியிலும் இவன் வேலைக்கு மிதித்து வருவதைக் கண்டு, சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சங்கம் ஸ்பெயினுக்குப் போகும். எண்பத்தெட்டு ஈஸ்டருக்கு இவனும் போனான். திரும்பி வந்து ஒரு மாதமாக என் காதைத் தின்றான். அதனால் போகாத பாதைகள் எல்லாம் எனக்குப் பாடம்.

அலிக்காந்தேக்கு உள்ளே மலைப்பக்கம். மூன்று பாதைகள், மூன்று நிறங்கள். நீலம், ஆற்றோரமாகத் தோடந்தோட்டங்களுக்குள்ளால், ஆரஞ்சு மரங்களுக்கு நடுவால் போகும் சமதரைப் பாதை. புதிதாக ஓடுகிறவர்களுக்கும் தொந்தி வைத்தவர்களுக்கும் அது. சிவப்பு, வாதுமை மரங்கள் நிற்கும் சரிவுகளைச் சுற்றி ஏறி, ஒரு மலைக்கிராமத்துக் கோயிலடியில் கோப்பி குடித்துவிட்டு இறங்குவது. கறுப்பு, வளைந்து வளைந்து முகில் வரைக்கும் ஏறும் கணவாய். கார்ஸ்டனும் நாலைந்து முரடர்களும் மட்டும் அதில் போவார்கள். குருசுமுத்துவின் காலுக்கும் அதுதான் பொருத்தம். அவன் நீலத்தில் பெயர் கொடுத்தான்.

அவனிடம் வேறொரு அளவு இருந்தது. டபிள் போகலாமா, போகேலாதா. நீலத்தில் தாராளமாகப் போகலாம். சிவப்பில் கோயிலடிக்கு முன்னால் வருகிற ஏற்றத்தில் அவள் இறங்கி நடக்க வேண்டும். இறக்கத்துக்கு நல்ல பிறேக் வேண்டும். கறுப்பில் நினைத்தும் பார்க்கேலாது. வெறும் கரியரோடு ஓடிப் பார்த்தால் பாரம் தெரியாது என்று ஒரு மூட்டைத் தோடம்பழத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு நீலப் பாதை முழுக்க ஓடியிருக்கிறான். இது என்ன மூட்டை என்று கார்ஸ்டன் மறித்துக் கேட்டாராம்.

"என்ரை மனுசி வரப்போறா. அவவைக் கூட்டிக்கொண்டு போற ரோட்டைப் பாக்கிறன்" என்று தனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னானாம். அதற்குப் பிறகு அந்தக் கரியரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

யாரோ படம் பிடித்தார்கள். ஸ்பெயின் வெயிலில், தோடம்பழ மூட்டைக்கு முன்னால், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும் குருசுமுத்து. அது ரண்டர்ஸ் பத்திரிகையில் வந்தது. அவன் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை மேரிசெலினுக்கு அனுப்பினான்.

பூசை முடிந்து வெளியே வரும்போது அந்தோனிதாசன் அண்ணை அவனைப் பிடித்துக்கொண்டார். எங்கள் எல்லோருடைய விண்ணப்பங்களையும் நிரப்பித் தருகிறவர் அவர். செபக்கூட்டமும் அவர் தலைமையில்தான். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை.

"தவக்காலத்திலை உல்லாசப் பயணம் போனனீ. அது உனக்கும் ஆண்டவருக்கும். ஆனா பேப்பரிலை படம் போட்டிருக்கிறியே, வெளிநாட்டவர் பொலிஸ் பாக்கமாட்டினமோ? பெண்சாதி சண்டைக்குள்ளை சாகக் கிடக்கிறா எண்டு எழுதிக் குடுத்தவன் ஸ்பெயினிலை நிண்டு சிரிக்கிறான். உன்ரை பைலைத் தூக்கி அடியிலை வைச்சிருப்பாங்கள்."

குருசுமுத்துவின் முகம் செத்துப்போனது. அண்ணை அதோடு மறந்துவிட்டார். இவன் மறக்கவில்லை. பதில் வராத ஒவ்வொரு மாதமும் அந்தச் சொல் அவனுக்குள் இறங்கிக்கொண்டே போனது. கோப்பன்ஹேகனில் விண்ணப்பம் பார்க்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பெண் தேன் போலச் சொல்வாள்.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறாத இடம் இதுதான். அந்த நேரம் எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. ஆனால் அவரவர் தன் குற்றத்தைத் தானே தேடிப் பிடித்து வைத்திருந்தோம். மொழிப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகாததால்தான் என்று ஒருவன் நினைத்தான். மேல்வீட்டுக் கிழவியோடு சண்டை பிடித்ததால்தான் என்று இன்னொருவன். வெட்கத்தில் ஒருவருக்கொருவர் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் ஒரு பின்னேரத்தில் விளங்கியிருக்கும்.

அந்த வருட மாரியில் மேரிசெலினுக்கு மலேரியா கண்டது. ஊரடங்கு. வாகனம் ஒன்றும் ஓடவில்லை. அவளுடைய தம்பி பீற்றர் அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் இருக்கத் தன் இடுப்போடு சீலையால் சேர்த்துக் கட்டிக்கொண்டு மன்னார் ஆசுப்பத்திரிக்கு மிதித்திருக்கிறான். வழியெல்லாம் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டே வந்தாளாம். பிறகு பேச்சு நின்றுவிட்டது. நித்திரையாக்கும் என்று அவன் மிதித்துக்கொண்டே போயிருக்கிறான். ஆசுப்பத்திரி வாசலில் சீலையை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது.

கொழும்பில் இருந்து ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் இதை எனக்குச் சொன்னார். நான்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் அழவில்லை. "ஸ்பெயினுக்குப் போகாட்டி இப்ப இஞ்சை இருந்திருப்பாள்" என்றான். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது வேறு காரணம் தெரியாது. அடுத்த வருடம், செத்துப்போனவளுக்கு வரலாம் என்று அனுமதி வந்தது. வைக்க இடமில்லாமல் சமையலறை மேசையில் அது கிடந்தது.

சைக்கிள் ஓட்டத்தை அவன் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. கரியரையும் கழற்றவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ரண்டர்ஸ் கடலேரி ஓரமாகத் தனியே போவான். ஒருநாள் எதிரே கண்டேன். அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. செபம் சொல்கிறான் என்று நினைத்து மறிக்காமல் விட்டேன். ஈஸ்டருக்கு ஈஸ்டர் ஸ்பெயினுக்கும் போனான். ஒவ்வொரு தரமும் நீலம். பிள்ளைகளையும் கிழவர்களையும் முன்னால் விட்டுக் கடைசியாக வருவானாம்.

இதற்கிடையில் தமிழர் வழக்கு என்று பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியது. விசாரணை வருடக்கணக்கில் இழுபட்டது. தொண்ணூற்று மூன்று தை மாதத்தில் அறிக்கை வந்தது. எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக மேலே, நீதி அமைச்சில் இருந்தே நிறுத்தி வைத்திருந்தார்கள். அரசாங்கம் பதவி விலகியது. தொலைக்காட்சியில் அதைக் கேட்டதும் நான் செருப்போடு பக்கத்து அறைக்கு ஓடினேன். அவன் நிலத்தில் இருந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"குருசு, கேட்டியோ? எல்லாற்றை அலுவலையும் வேணுமெண்டு நிப்பாட்டி வைச்சவங்களாம். உன்ரை படமும் இல்லை, தோடம்பழமும் இல்லை. உன்ரை பிழை ஒண்டும் இல்லையடா."

"அப்ப நான் ஸ்பெயினுக்குப் போகாட்டியும்?"

"அவ வந்திருக்கேலாது."

அவன் ஆறுதல் அடைவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எண்ணெய்ப் போத்தலை மூடினான்.

"இவ்வளவு நாளும் அவளிட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினனான், மச்சான். நான் கேப்பன். அவள் பின்னாலை இருந்து பேசுவாள். படத்துக்கு ஏன் பல்லைக் காட்டினனீ எண்டு பேசுவாள். பேசிப் பேசிக் கூட வந்தவள். இனி நான் அவளோடை என்னத்தைக் கதைக்கிறது?"

நான் நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்றல்லவா ஓடிப்போனேன். சேட்டில் அவன் கை துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவன் அழுதான். அவள் செத்த சேதிக்கு அழவேண்டியதையும் சேர்த்து அழுதான்.

அந்த வருட ஈஸ்டருக்கு முதல் சங்கத்தில் பெயர் கொடுக்கும் நாளில் நானும் அவனோடு போனேன். கார்ஸ்டன் வழக்கம்போலக் கேட்காமலே நீலத்தில் அவன் பெயரை எழுதப் போனார்.

"கறுப்பு" என்றான் குருசுமுத்து.

கார்ஸ்டன் பேனையை நிறுத்தினார். யன்னலுக்கு வெளியே அவனுடைய சைக்கிள் சாத்தியிருந்தது. பின்னால் கரியர் இல்லை.

"அதில் இரண்டு பேர் போக முடியாது என்று நீதானே சொன்னாய்?" என்றார் அவர்.

"ஓம்" என்று பழக்கத்தில் தமிழில் சொன்ன குருசுமுத்து, பிறகு டேனிஷில் சொன்னான். "இப்ப நான் ஒராள்தானே."