ஜெயிச்சவரின் இடது கை

கடைத்தெருவில் அவருக்கு 'ஜெயிச்சவர்' என்று பெயர். எந்தத் தேர்தலில் என்று கேட்காதீர்கள், புற்றுநோயை ஜெயித்தவர். இடது அக்குளில் கட்டி வந்து, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்து, பிழைத்து வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவருடைய சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அது நேற்று நடந்த மாதிரி இருக்கும். முகத்தில் நுரை பூசிய மனுஷன் வாயைத் திறக்க முடியாதல்லவா? அந்த நேரம் பார்த்துத்தான் கதையை எடுப்பார்.

"நீயா நானான்னு கேட்டேன். துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிடுச்சு."

தொண்டையில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

சலூனில் இரண்டு நாற்காலிகள். ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் முதல் நாற்காலி அவருடையது. கழிவறைக் கதவோரம் இருப்பது மைத்துனனுடையது. மனைவியின் தம்பிதான், ஆனால் மீசை நரைத்த தம்பி. முதல் நாற்காலிக்காக அவன் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கிறான் என்பது ஜெயிச்சவரின் தீர்மானமான எண்ணம். பாவம், அவன் காத்திருந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குத்தான்.

இப்படி இருந்தவருக்கு இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி, பிறகு உள்ளங்கையும். கத்தி பிடிப்பது வலது கைதான். ஆனால் தோலை இழுத்துப் பிடிப்பது, முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பது, வெந்நீர்த் துண்டின் சூடு பார்ப்பது எல்லாம் இடது கை. ஒருவருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனார்.

"அப்போ கதிர் கொடுத்த இடத்துல நரம்பு பாதிச்சிருக்கு. இத்தனை வருஷம் கழிச்சும் இப்படி வரும். போன உணர்ச்சி திரும்புறது கஷ்டம், கத்தி வேலைய விட்டுடுங்க. ஆனா கேன்சர் திரும்பல, சந்தோஷப்படுங்க," என்றார் டாக்டர்.

வீட்டில் மனைவி, "எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா டாக்டர்கிட்ட. சந்தோஷப்படச் சொன்னாரு."

பொய் இல்லை பாருங்கள். அவளும் சந்தோஷப்பட்டு, தெருவில் நாலு பேரையும் சந்தோஷப்பட வைத்தாள். அதன் பிறகு கை செத்துப்போச்சு என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் முதல் நாற்காலி போய்விடும். அது போனால் அவர் ஜெயிச்சவர் இல்லை, வெறும் நோயாளி. அந்தப் பயம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மருந்துக்கடைக்காரர் வாராவாரம் வருபவர், கழுத்தில் கொசு உட்கார்ந்தாலே பதறுகிற ஆள். ஒருநாள் ஜெயிச்சவர் ஆவி பறக்கும் துண்டை இடது உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்து, திருப்தியோடு அவர் கன்னத்தில் போட்டார். மனுஷன் துள்ளி எழுந்தார்.

"ஏன்யா, என்னை வேக வைக்கிறியா?"

ஜெயிச்சவர் கண் இமைக்காமல் மைத்துனன் பக்கம் திரும்பினார். "தண்ணிய இப்படியாடா கொதிக்க வைப்பே? அறிவிருக்கா உனக்கு?"

அவன் எழுந்து போய்ப் பச்சைத் தண்ணீர் கலந்தான். அக்கா புருஷனை என்ன சொல்ல முடியும்?

மைத்துனன் பிளேடு மாற்றும் கத்திக்கு எப்போதோ மாறிவிட்டான். ஜெயிச்சவர்தான் பழைய மடக்குக் கத்தியை விடமாட்டேன் என்று நின்றார். தோல்வாரில் தீட்டியதும் இடது கட்டைவிரல்மேல் வைத்துக் கூர் பார்ப்பார். லேசாகத் தொட்டால் போதும், விரல் சொல்லிவிடும். விரல் சொல்வதை நிறுத்திய பிறகு என்ன செய்தார் தெரியுமா? இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். கத்தி தீட்டியாயிற்று, கூர் பார்த்தாயிற்று. அதே கட்டைவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நீயா நானான்னு கேட்டேன்," என்று ஆரம்பித்தார். ஒரு கன்னம் முடிந்ததும் கத்தியை இன்னொரு தடவை தீட்டி, அழுத்திக் கூர் பார்த்துவிட்டு மறு கன்னத்தைப் பிடித்தார். வெள்ளை நுரை சிவப்பாவதை மருந்துக்கடைக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "ஐயோ, அறுத்துட்டான்," என்று அலறி, போர்த்திய துணியோடு வாசலுக்கு ஓடினார். மைத்துனன் பின்னாலேயே ஓடி, பிடித்து நிறுத்தி, முகத்தைத் துடைத்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"எங்க வெட்டுச்சு? காட்டுங்க," என்று ஜெயிச்சவர் கவலையாகக் கேட்டபடி வந்தார். வந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

"மாமா, உங்க விரலு," என்றான் மைத்துனன். "வலிக்கலையா மாமா?"

அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் ஆழமாகப் பிளந்திருந்தது.

"வலிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமேடா," என்றார். கதிர், நரம்பு, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அழுதார். விரலுக்காக அழவில்லை.

மருந்துக்கடைக்காரர் பாதிச் சவரத்தோடு தன் கடைக்கு ஓடி, பஞ்சும் துணியும் கொண்டுவந்து கட்டுப்போட்டார்.

"அப்போ அன்னைக்கு அந்தத் துண்டு..." என்று மைத்துனன் இழுத்தான்.

"தண்ணி சரியாத்தான் இருந்துச்சு," என்றார் ஜெயிச்சவர். அவரிடம் அதற்குமேல் மன்னிப்பு எதிர்பார்க்கக் கூடாது.

"வலியே தெரியலையா? கொடுத்து வச்ச ஆளுய்யா நீ," என்றார் மருந்துக்கடைக்காரர். "உயிரோட இருக்கியே, சந்தோஷப்படு."

"பட்டுக்கிட்டேதான் இருக்கேன். நீங்க உட்காருங்க, மிச்சக் கன்னத்தை அவன் முடிப்பான்," என்று முதல் நாற்காலியைக் காட்டினார். பிறகு கழிவறைக் கதவோரம் போய் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். மைத்துனன் துண்டைப் பிழிந்து, முதலில் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தான்.

கதை இல்லாத சவரம் மருந்துக்கடைக்காரருக்கு என்னவோ போலிருந்தது. நுரைக்குள்ளிருந்து, "அப்புறம் அது ஓடிடுச்சு, அதானே?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"ஓடிடுச்சு," என்றார் ஜெயிச்சவர். "போறப்போ கைய எடுத்துக்கிட்டு ஓடிடுச்சு."