டத்தோ கிராமாட்டில் நான் போட்ட மேடு

கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய டத்தோ கிராமாட்டில், தார் போடும்வரை எங்கள் தெரு குண்டும் குழியுமாகத்தான் கிடந்தது. மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. ஆனால் அந்தக் குழிகள்தான் எனக்குக் காவல். எந்த வண்டியும் வேகமாகப் போக முடியாது. தெருவுக்கு இந்தப் பக்கம் என் மாட்டுக் கொட்டகை, எதிர்ப்பக்கம் புல் திடல். ஒரு கறவை மாட்டையும் அதன் கன்றையும் காலையில் அங்கே ஓட்டிப் போவேன், மாலையில் ஓட்டி வருவேன். பால் விற்றுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தெரு வழவழப்பானதும் கோடி வீட்டுக் குத்தகைக்காரர் ஒரு மோட்டார் கார் வாங்கினார். எங்கள் ஜனம்தான். துறைமுக வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தே பணக்காரரானவர். காரை அவரே ஓட்டுவார். ஓட்டுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது, விரட்டுவார். ஒரு மாலை என் கன்றை அடித்துப் போட்டார். அது ரோட்டில் துடித்துக்கொண்டிருக்க, இறங்கி வந்து காரின் முகப்பைத் தடவிப் பார்த்தார்.

"கட்டிப் போட்டு வளக்கத் தெரியாதவ எதுக்கும்மா மாடு வச்சிருக்கே? ரோடு காருக்குப் போட்டதுலா."

அந்த ஆள் செத்து எத்தனையோ வருஷமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கன்று செத்த மறுநாள் பகலில், அவர் வெளியே போனதும், நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு போட்டோம். தேங்காய்ச் சிரட்டை, அடுப்புச் சாம்பல், செம்மண், சாணம் எல்லாவற்றையும் கொட்டிக் குழைத்து உலக்கையால் இடித்தோம். கன்றின் கழுத்து மணியை வீட்டில் வைத்துப் பார்க்கச் சகிக்கவில்லை. அதையும் உள்ளே போட்டு மூடினேன். அன்று மாலை கார் துள்ளியதில் குத்தகைக்காரரின் தொப்பி சாக்கடையில் விழுந்தது. வயிறு குளிர்ந்தது எனக்கு.

அவர் சும்மா இருப்பாரா? வெள்ளைக்காரத் துரையிடம் போய்ச் சொன்னார். மேட்டை வெட்டி எடுக்க ஆள் வருகிறது என்று காதில் விழுந்ததும் அக்கா ஒரு யோசனை சொன்னார்.

"வர்றவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே. தொரைக்குப் பயப்படுறவன் அம்மனுக்கு அதவிடப் பயப்படுவான்."

மஞ்சளைக் குழைத்து மேட்டில் பூசினோம். குங்குமம் வைத்தோம். உச்சியில் வேப்பிலை செருகினோம். கடப்பாரையோடு வந்த ரோட்டு வேலைக்காரர்கள் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அவர்களை வேலை வாங்கும் மண்டோர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"யாரு தாயி இங்க இருக்கிறது?"

"அம்மன். தானா கெளம்பி வந்திருக்கா அண்ணே" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நாங்கள் சிரித்த சிரிப்பு! அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்களுக்குத் தலைகீழ். ஜனங்கள் மேட்டைக் கும்பிட ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு, கற்பூரம், தேங்காய். பிறகு ஒரு கமிட்டி. கமிட்டிக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே குத்தகைக்காரர். பக்தி வந்தால் பதவியும் வந்துவிடும் போலிருக்கிறது. மேட்டின் நடுப்பகுதிக்கு மூங்கில் வேலி கட்டினார்கள். ஜனங்கள் சுற்றிவரத் தோதாக இரண்டு ஓரத்தையும் வெட்டிச் சமமாக்கினார்கள். என் கொட்டகை ஓரம் கார் போகும் அகலத்துக்கு வழி கிடைத்தது. அந்த வழியில் அவர் பழையபடி விரட்டினார். என்னிடம் வேறு சொன்னார்:

"சாமிக்கு முன்னால மாட்ட ஓட்டாதே. சாணி போட்டு வைக்கும்."

அந்தச் சாமியே என் மாட்டுச் சாணிதான்.

ஒருநாள் கார் என் மாட்டின் தொடையில் உரசிக் காயப்படுத்திவிட்டுப் போனது. இதுவும் போனால் வீட்டில் உலை ஏறாது. அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கூட்டம் கூடியிருந்தபோது மண்வெட்டியோடு வேலியைத் தாண்டி உள்ளே இறங்கினேன். என் கையைப் பிடித்தது அக்காதான்.

"வேணாம்டி. பாவம் புடிச்சுக்கும்."

"உலக்கையால இடிச்சது நீங்களும்தானேக்கா?"

அவர் அழுதார். அவருக்கும் பக்தி முற்றிவிட்டது. அது எனக்குக் கார்க்காரரைவிட அதிக எரிச்சலைக் கொடுத்தது.

ஓங்கி வெட்டினேன். சிரட்டையும் சாம்பலும் பறந்தன. அடுத்த வெட்டில் மணி கிணுங்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. கூட்டம் அப்படியே தரையில் விழுந்தது. குத்தகைக்காரர் கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார்.

"அம்மன் மணி" என்றார்.

"என் கன்னுக்குட்டி மணி. நீங்க அடிச்சுக் கொன்னீங்களே, அதோடது" என்றேன்.

யார் கேட்டார்கள்? குலவைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மாட்டின் கழுத்தில் கட்டி, கூட்டத்தின் நடுவிலேயே திடலுக்கு ஓட்டினேன். ஒருவரும் தடுக்கவில்லை. பெண்கள் மாட்டின் வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இத்தனை நாள் சாணி போடும் என்று விரட்டிய மாடு அது.

அதற்குப் பிறகு மணிச் சத்தம் கேட்டால் தெருவில் எந்தக் காரும் நகராது. குத்தகைக்காரரும் காலையும் மாலையும் காரை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருப்பார். என் கன்றுக்கு நிற்காத கார். நான் ஒரு நாளும் மாட்டை அவசரப்படுத்தியதில்லை.